பிலிப்பின் மகனைத் தேடி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அயல்நாட்டில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். தம் பாட்டியின் திருமுழுக்குப் பதிவைக் காண வேண்டும் என்றார். பழைய ஏடுகள் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஓரங்கள் செல்லரித்த நான்கு ஏடுகளைப் புரட்டிய பின் அந்தப் பக்கம் கிடைத்தது. பாட்டியின் பெயர் இருந்தது. பாட்டியின் தந்தையின் பெயரும் ஊரும் இருந்தன. தாயின் பெயருக்குரிய இடத்தில் 'அவன் மனைவி' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. இளைஞர் அந்த இடத்தில் விரலை வைத்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார். "அவர்களுக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே, சாமி" என்றார் பிறகு. நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அன்று மாலை, நாம் இளங்குருவாய் இருந்த காலத்தில் நம் கையால் எழுதிய பக்கங்களையும் எடுத்துப் பார்த்தோம். அவற்றில் தாய்மாருக்குப் பெயர் இருக்கத்தான் செய்தது. மேரி, மேரி, மீண்டும் மேரி. எந்த ஊர் மேரி, யார் மகள் மேரி என்று கேட்டு எழுத நமக்கு அந்நாளில் பொறுமை இருந்ததில்லை. நூறாண்டுகளுக்கு முன் 'அவன் மனைவி' என்று எழுதிய அந்தக் கைக்கும் நம் கைக்கும் அப்படியொன்றும் பெரிய வேறுபாடில்லை.

பாபிலோனிலிருந்து திரும்பியோரின் பட்டியலைத் தரும் எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில், தம் தலைமுறை அட்டவணையைத் தேடியும் கிடைக்காமற்போன குருக்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. ஏட்டில் பெயர் இல்லாமையால் அவர்கள் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டார்கள். குருமடத்தில் மறைநூல் பயின்ற நாள்களில் அப்பகுதியை நாம் வேகமாகத் தாண்டிச் சென்றோம். இப்போது அப்படித் தாண்ட இயலவில்லை.

இந்த எண்ணத்துடன் இருந்தபோதுதான் ஸ்காட்லாந்து நாட்டவரின் குடும்ப வரலாற்றுத் தேடல்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. கடந்த இரு நூற்றாண்டுகளில் கடல் கடந்து சென்ற ஸ்காட்லாந்தியரின் வழித்தோன்றல்கள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியிருக்கின்றனர். பாட்டனாருக்குப் பாட்டனார் எந்த மலைப்பள்ளத்தாக்கில் பிறந்தார் என்று அறிய அவர்கள் படும் பாடு வியப்புக்குரியது. அதைவிட வியப்புக்குரியவை அவர்கள் தேடிச் செல்லும் ஏடுகள்.

அந்நாட்டுப் பதிவேடுகளின் தொடக்கம் நம் திருச்சபையோடு தொடர்புடையது. 1552ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மாநிலச் சங்கம் கூடி, ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குகளையும் திருமண அறிக்கைகளையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என விதித்தது. பெர்த்ஷயரிலுள்ள எரல் என்னும் பங்கின் ஏடு 1553இல் தொடங்குகிறது. இன்று அந்நாட்டில் எஞ்சியுள்ள பங்குப் பதிவேடுகளுள் அதுவே மூத்தது. உலகத் திருச்சபை முழுவதற்குமாகத் திரிதெந்து பொதுச்சங்கம் திருமண ஏட்டைக் கட்டாயமாக்கியது 1563இல்தான். பொதுச்சங்கத்தை முந்தி எழுதத் தொடங்கிய அந்தத் திருச்சபைக்கு எழுதுவதற்கு ஏழே ஆண்டுகள் கிடைத்தன. 1560இல் நாடாளுமன்றம் திருத்தந்தையின் அதிகாரத்தை நீக்கியது. ஏடுகள் சீர்திருத்தச் சபையின் கைக்குச் சென்றன. நம்மவர்கள் மலைகளுக்கும் தீவுகளுக்கும் ஒதுங்கினர். எழுதப்பட்ட ஏடு, பிடிபட்டால் சாட்சியாகிவிடும் என்ற அச்சம் நிலவிய காலம் அது. இன்று ஆவணக் காப்பகத்தில் காணக்கிடைக்கும் கத்தோலிக்கப் பதிவேடுகள் 1703இலிருந்தே தொடங்குகின்றன. பெரும்பாலானவை அதற்கும் வெகு பிந்தியவை.

அரசு ஏற்ற சபையின் ஏடுகளும் முழுமையானவை அல்ல. எழுதுபவர் சோம்பலுற்றால் ஏடும் சோம்பும். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தார்கள். அந்த வரி 1794 வரை நீடித்தது. அவ்வளவு காலமும், வரிவிலக்குப் பெறும் அளவுக்கு வறியவரல்லாத ஏழைகள் பலர் பிள்ளைகளைப் பதியாமலே விட்டனர். 1843இல் அச்சபை பிளவுபட்டு 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறித் தனிச் சபை கண்டபோது, அவர்களோடு சென்ற குடும்பங்களின் பிள்ளைகளும் பழைய ஏட்டிலிருந்து மறைந்தார்கள். ஒரு பெயர் ஏட்டில் இல்லையென்பதால் அம்மனிதர் பிறக்கவில்லை என்றாகிவிடாது. தேடுவோர் முதலில் கற்கும் பாடம் இது.

இந்நிலையை மாற்றியது 1854ஆம் ஆண்டுச் சட்டம். 1855 ஜனவரி முதல் நாளிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்யத் தொடங்கியது. அந்த முதலாண்டின் ஏட்டைத் தயாரித்தவருக்கு எல்லாவற்றையும் அறிந்துகொள்ளும் ஆசை மிகுந்திருந்தது போலும். குழந்தையின் பிறப்பைப் பதியும்போதே தந்தை தாயின் வயது, அவர்கள் பிறந்த ஊர், மணம் முடித்த நாள், இடம், முன் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களுள் உயிரோடிருப்போர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டார்கள். இவ்வளவையும் எழுதிக் கை சலித்ததால், 1856இல் பல கட்டங்களை நீக்கிவிட்டார்கள். பெற்றோர் மணம் முடித்த நாளும் இடமும் மட்டும் 1861இல் மீண்டும் சேர்ந்தன. தம் முன்னோர் ஒருவர் 1855இல் பிறந்தோ இறந்தோ இருந்தால் தேடுவோர் அதைப் பெரும்பேறாகக் கருதுவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்டு ஆவணங்களில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும், அவர் மணமாகுமுன் கொண்டிருந்த குடும்பப் பெயரும் இடம்பெறும். கல்லறைக் கற்களிலும் பெண்ணின் சொந்தக் குடும்பப் பெயரையே செதுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. இதைப் படித்தபோது நம் மேசைமேல் கிடந்த 'அவன் மனைவி' என்ற சொற்களை மீண்டும் பார்த்தோம்.

ஆகவே தேடல் இறப்பிலிருந்து பிறப்பை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறது. இறப்புப் பதிவு பெற்றோரைக் காட்டும். திருமணப் பதிவு ஊரைக் காட்டும். மக்கள்தொகைக் கணக்கு வீட்டைக் காட்டும். 1841 ஜூன் 6ஆம் நாள் இரவு எடுத்த கணக்கில் 15க்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுவது விதி. 34 வயதினர் 30 ஆவார். யாருக்கு யார் என்ன உறவு என்ற குறிப்பும் இராது. 1851 மார்ச் 30ஆம் நாள் கணக்கிலோ உறவும் பிறந்த பங்கும் எழுதப்பட்டன. ஒரு கணக்கில் 30 வயதுடைய பெண்மணி, பத்தாண்டுக்குப் பின் 37 வயதே அடைந்திருப்பதையும் அங்கே காணலாம். ஏடுகள் பொய் சொல்வதில்லை. ஏட்டுக்குச் சொல்பவர்கள் சில வேளை சொல்வார்கள்.

இவ்வளவும் அறிந்த பின், நம்மவர் ஒருவரை வைத்தே இவ்வழியில் நடந்து பார்க்கத் தோன்றியது. ஆஸ்திரேலிய நாட்டின் முதற் புனிதர் மேரி மெக்கில்லப்பை வாசகர் பலர் அறிந்திருப்பீர்கள். 1842 ஜனவரி 15இல் மெல்பர்னில் பிறந்து, 1866இல் பெனோலா என்னும் சிற்றூரில் அருட்தந்தை ஜூலியன் டெனிசன் உட்ஸுடன் சேர்ந்து புனித சூசையப்பர் சகோதரிகள் சபையைத் தொடங்கியவர். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டமளித்தார். 2010 அக்டோபர் 17இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதர் பட்டமளித்தார். அவருடைய தந்தை அலெக்சாண்டர் மெக்கில்லப், தாய் புளோரா மெக்டொனால்டு. இருவரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். அலெக்சாண்டர் 1838இல் சிட்னியில் கரையிறங்கினார். புளோரா 1840இல் மெல்பர்னுக்கு வந்தார். அதே ஆண்டு ஜூலை 14இல் அங்கே மணம் முடித்தனர். அந்த அலெக்சாண்டரைத்தான் தேடப் புறப்பட்டோம், புத்தகங்களின் வழியாகவே என்பது சொல்லாமலே விளங்கும்.

பெயரிலேயே முதல் திருப்பம் காத்திருக்கிறது. மெக்கில்லப் என்பது கேலிக் மொழியில் 'பிலிப்பின் மகன்' என்று பொருள்படும். என்றோ வாழ்ந்த ஒரு பிலிப்பின் பெயர் குடும்பப் பெயராய் உறைந்துவிட்டது. எழுத்தும் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் 'மக்', ஓரிடத்தில் 'மெக்'. மலைநாட்டு மக்கள் பேசியதோ கேலிக். ஏட்டை எழுதியவர் ஆங்கிலத்திலோ இலத்தீனிலோ எழுதினார். வீட்டில் அலஸ்டேர் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் அலெக்சாண்டர் ஆனார். அங்கே புளோரா என்று எழுதப்படுவது, வீட்டில் பெரும்பாலும் பின்னகல் என்ற பெயராக இருக்கும். இதைக் கேட்டு நாம் வியக்க இடமில்லை. நம் பழைய இலத்தீன் ஏடுகளில் இராயப்பன் பெத்ருஸ் ஆகியிருக்கிறான்; அருளப்பன் யோவான்னெஸ் ஆகியிருக்கிறான். பேரன்மார் வந்து 'அருளப்பன்' எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைப்பான்?

இன்னும் ஒரு சிக்கல். ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயரையும் இடுவது நெடுங்கால வழக்கம். நம் மொழியில் 'பெயரன்' என்ற சொல்லே பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால் பிறந்தது. ஆகவே இதன் இனிமையை நாம் எளிதில் உணர்வோம். ஆனால் ஒரு பாட்டனாருக்கு ஐந்து மகன்கள் என்றால் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே பெயருடைய ஐந்து பேரப்பிள்ளைகள்! நம் புனிதர் 1860இல் பெனோலாவில் தம் அத்தை வீட்டில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, அந்த வீட்டுத் தலைவரின் பெயரும் அலெக்சாண்டரே, அலெக்சாண்டர் கேமரன்.

தொடங்க வேண்டிய இடம் ஸ்காட்லாந்தன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1853 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியது. அலெக்சாண்டர் 1868இல் அம்மாநிலத்திலேயே இறந்தார். அங்குள்ள இறப்புப் பதிவுக்கு இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், குடியேறி எத்தனை ஆண்டு, யாரை எங்கே மணந்தார், பிள்ளைகள் யார் என்ற கட்டங்கள் உண்டு. அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டுதான் கடலைத் தாண்ட வேண்டும்.

தாண்டியபின் அமைதி. அவர் 1838இலேயே வந்துவிட்டமையால் 1841ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் அங்கில்லை. 1855ஆம் ஆண்டு ஏட்டிலும் இல்லை. குடும்பத்தின் நினைவெல்லாம் லொகாபர் மலைநாட்டையும் ராய் பள்ளத்தாக்கையும் சுற்றியே இருப்பதால், அப்பகுதிக்குரிய கில்மொனிவைக் பங்கின் ஏட்டில் அவர் பிறப்பைத் தேடுவோர் ஏமாறலாம். அவர் பெர்த்ஷயரில் பிறந்தவர் என்றே வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. போதாததற்குக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். ஸ்காட்லாந்தில் கத்தோலிக்கருக்கு எதிரான கடுஞ்சட்டங்கள் தளர்த்தப்பட்டதே 1793இல்தான். நம் குருக்கள் நடத்திவைக்கும் திருமணத்தைச் சட்டம் முறையானதாக ஏற்றது 1834இல். அப்போதும் திருமண அறிக்கையை அரசுச் சபையின் கோயிலில்தான் வாசிக்க வேண்டும்.

இங்கே குருமடத்தில் சட்டம் பயின்றவர்க்குச் சுவையூட்டும் ஒரு செய்தி உண்டு. முறைப்படி நடவாத மணங்களும் ஸ்காட்லாந்தில் செல்லுபடியாயின. இருவர் மனமொத்து 'நாம் கணவன் மனைவி' என்று அறிவித்தாலே போதும். மணமக்களின் ஒப்புதலே திருமணத்தை ஆக்குகிறது என்ற பழைய திருச்சபைச் சட்டத்தின் எச்சம் இது. மறைவான மணங்களால் விளைந்த கேடுகளைக் கண்டு திரிதெந்துச் சங்கம் இதை மாற்றியமைத்தது. திருத்தந்தையை மறுத்த நாடோ அதே பழைய சட்டத்தை 1939ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காப்பாற்றி வைத்திருந்தது! இத்தகைய மணத்துக்குப் பங்கு ஏட்டில் சுவடு இல்லாமற்போவதும் உண்டு. பாட்டனார் பாட்டியாரின் திருமணப் பதிவைக் காணோம் என்று மனம் வருந்துவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஆனால் அலெக்சாண்டருக்கு இன்னொரு வகை ஏடும் உண்டு. அவர் குருத்துவத்துக்குப் பயின்றவர். 1600இல் நிறுவப்பெற்ற உரோமை ஸ்காட்ஸ் கல்லூரியிலும், 1829இல் தொடங்கிய பிளேர்ஸ் குருமடத்திலும் படித்துவிட்டு, குருப்பட்டம் பெறாமலே வெளியேறினார். இத்தகைய குருமடங்கள் மாணவரின் பெயர், பெற்றோர், ஊர், சேர்ந்த நாள், நீங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பது வழக்கம். உழவன் ஒருவன் மலைநாட்டில் பிறந்து மறைந்தால் ஓர் ஏடும் அவனை நினைப்பதில்லை. குருமாணவனுக்கோ பல நாடுகளில் சுவடு இருக்கும். எனினும் அந்த ஏட்டின் கடைசிக் கட்டம் எழுதப்படும் விதம் நமக்குத் தெரியும். 'வெளியேறினார்' என்ற ஒரு சொல்லோடு அது முடியும். ஏன் வெளியேறினார், அன்றிரவு எங்கே தங்கினார், தாயின் முகத்தை எப்படிப் பார்த்தார் என்பவற்றுக்குக் கட்டம் கிடையாது. நம்மோடு குருமடத்தில் சேர்ந்து இடையில் நின்றவர்களின் முகங்கள் இதை எழுதும்போது நம் முன் வருகின்றன. அவர்களை எத்தனை குறைவாக விசாரித்தோம்!

புதிய நாட்டிலும் அலெக்சாண்டருக்கு வாழ்வு கைகூடவில்லை. தொழில்கள் நிலைக்கவில்லை, பண்ணை நிலைக்கவில்லை. 1851இல் பண்ணையை அடகு வைத்துவிட்டு ஸ்காட்லாந்துக்குச் சென்று பதினேழு மாதங்கள் கழித்தே திரும்பினார். எட்டுப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பம், பிள்ளைகள் கொண்டுவரும் சிறு ஊதியத்தில் நாள் தள்ளியது. மூத்தவரான மேரி இளமையிலேயே வேலைக்குச் சென்றார். அதே பிள்ளைகளுள் ஒருவர் புனிதர். டொனால்டு என்பவர் இயேசு சபைக் குருவாகி வட ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே உழைத்தார். இன்னொரு மகள் துறவியானார். பொறுப்பற்ற தந்தை என்று அலெக்சாண்டரை எழுதி முடிப்பது எளிது. குருமடத்தில் கற்ற கல்வியையும் மறையறிவையும் வீட்டில் பிள்ளைகளுக்கு ஊட்டியவர் அவரே என்பதும் அவரைப் பற்றிய வரலாற்றில் சேர்ந்ததே.

ஏழைகளின் ஏடுகளைப் பற்றி ஒரு சொல். 1845ஆம் ஆண்டு ஏழையர் உதவிச் சட்டத்துக்குப் பின், உதவி கேட்டு வந்தோரை ஸ்காட்லாந்து அலுவலர்கள் துருவித் துருவிக் கேட்டு எழுதினர். எங்கே பிறந்தாய், பெற்றோர் யார், எந்த மதம், எந்தெந்த வீட்டில் எத்தனை நாள் குடியிருந்தாய் என்று கேட்டதெல்லாம் அன்பினால் அல்ல. செலவை எந்தப் பங்கின் தலையில் கட்டலாம் என்று அறியவே. அயர்லாந்துப் பஞ்சத்தால் கிளாஸ்கோவுக்கு வந்த கத்தோலிக்கரையும் நிலமிழந்து வந்த மலைநாட்டாரையும் பற்றி இன்று மிக விரிவாக அறியத்தருவன இந்த ஏடுகளே. தன்மானத்தோடு பட்டினி கிடந்தவர் ஏட்டில் இல்லை; கையேந்தியவரின் வாழ்வு முழுவதும் இருக்கிறது. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பதிவில் 'முறைபிறவாத' என்னும் பொருள்படும் சொல்லை 1919 வரை எழுதிவந்தார்கள். நூறாண்டுக்குப் பின் தேடிவரும் கொள்ளுப்பேரர்கள் அந்தச் சொல்லையும் காண்கிறார்கள். வெட்கப்படுகிறவர்கள் குறைவு என்கிறார்கள். அந்தப் பதினெட்டு வயதுப் பெண் தனியே நின்று பிள்ளையை வளர்த்தாளே என்று கண் கலங்குகிறவர்களே மிகுதியாம்.

இந்த ஏடுகளில் பெரும்பாலானவற்றின் படிகளை 2002 முதல் கணினி வழியே வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. கத்தோலிக்கப் பங்கு ஏடுகளும் அவற்றுள் சேர்ந்துள்ளன. நூறாண்டு மூடிவைக்கும் முறைப்படி 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது. எளிதாகிவிட்டதால் ஒரு தீங்கும் உண்டு. பெயர் ஒத்தால் போதும், அவரே நம் பாட்டனார் என்று குலத்தலைவர் வீட்டு மரத்தில் போய் ஒட்டிக்கொள்வார்கள். நம் ஊரிலும் அரச பரம்பரை தேடுவோருக்குக் குறைவில்லை.

புனித மேரி 1873இல் தம் சபையின் ஒழுங்குகளுக்கு ஒப்புதல் பெற உரோமை சென்றபோது பெற்றோரின் நாட்டுக்கும் போனார். ராய்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் ஆலயத்தில் இன்று அவருக்கு நினைவிடம் உண்டு. அவர் அங்கே சென்றது எந்த ஏட்டையும் தேடியன்று. ஆயினும் தந்தை சொல்லக் கேட்ட மலைகளை அவர் நேரில் கண்டார். தந்தை இறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. தாய் புளோரா 1886 மே 30ஆம் நாள் இரவு, மகளைக் காண மெல்பர்னிலிருந்து சிட்னி செல்லும் வழியில், 'லை-ஈ-மூன்' என்ற கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது இறந்தார். அவரோடு இறந்தோர் எழுபது பேர்.

சென்ற ஞாயிறு நம் ஆலயத்தில் மூன்று குழந்தைகளுக்குத் திருமுழுக்கு. ஏட்டை எழுத உட்கார்ந்தபோது ஒரு தாயிடம், "உன் அம்மாவின் பெயர் என்னம்மா? அவர்கள் பிறந்த ஊர்?" என்று கேட்டோம். கட்டத்தில் இல்லாத கேள்வி. அம்மாவின் பெயரை உடனே சொன்னாள். ஊர் தெரியவில்லை. முற்றத்துக்குப் போய்த் தொலைபேசியில் தன் பெரியம்மாவை அழைத்துக் கேட்டுவிட்டு வந்தாள். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், இரண்டையும் எழுதினோம்.